பெயர்தின்னியும் ஒரு கோழியும்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே விக்னேஸ்வரி கைப்பேசியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். மாலை ஆறு மணிக்குள் அவள் ஒரு பதில் அனுப்ப வேண்டும். சரி என்றோ வேண்டாம் என்றோ ஒரே ஒரு சொல். அந்த ஒரு சொல்லை நினைத்து நினைத்து ஒரு வாரமாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

விஷயம் இதுதான். மலேசியாவின் கேமரன்மலையில், ரிங்லெட் ஊருக்கு மேலே மலைச் சரிவில் இருக்கிற அந்தத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து வெட்டும் மெஷின் பிடிக்கிற இருபத்தெட்டு வயதுப் பெண் ஒரு நாவல் எழுதிவிட்டாள். அதுவும் குடும்பக் கதையா, கண்ணீர்க் கதையா? இல்லை. கோலாலம்பூர் சுரங்க ரயில் பாதைகளில் பேய்கள் குடியிருக்கின்றன, பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகள் பள்ளிக்கூடப் பையை வீட்டில் போட்டுவிட்டு வந்து அவற்றோடு மல்லுக்கட்டுகிறார்கள் என்று ஒரு நாவல். பெயர் 'கடைசி ரயில் வேட்டையர்'. இரண்டு வருடம் கைப்பேசியில் கட்டைவிரல் தேயத் தேயத் தட்டி எழுதியது. கேஎல் என்று அங்கே சுருக்கிச் சொல்கிற கோலாலம்பூரில் ஒரு சின்னப் பதிப்பகம் அதை அச்சுப் போட்டது. அட்டையில் இருந்த பெயர் மட்டும் 'இரவரசன்'.

இரவரசன் யார் என்பது பதிப்பாசிரியர் அமிர்தலிங்கம் ஒருவருக்குத்தான் தெரியும். படித்தவர்கள் எல்லாரும் அவன் கறுப்புச் சட்டை போட்ட, தலைமுடியை முன்னால் தொங்கவிட்ட கேஎல் பையன் என்று முடிவு கட்டிவிட்டார்கள். விக்னேஸ்வரியும் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

அதோடு முடிந்திருந்தால் தொல்லையில்லை. புத்தகம் விற்றுத் தீர்ந்துவிட்டது. திங்கட்கிழமை இரண்டாம் பதிப்பு அச்சுக்குப் போகிறது. "இந்த வாட்டி உங்க சொந்தப் பேரப் போடுவமா தங்கச்சி? ஒரு போட்டோவும் வேணும். ஞாயிறு ஆறு மணிக்குள்ள சொல்லிடுங்க. அதுக்கப்புறம் அட்டைய மாத்த முடியாது" என்று அமிர்தலிங்கம் செய்தி அனுப்பியிருந்தார்.

சந்தோஷமாகச் சரி என்று சொல்லிவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். சொல்லியிருப்பாள். குறுக்கே ஜெயா நின்றாள்.

ஜெயாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. மெஷினின் ஒரு பிடி ஜெயா கையில், மறு பிடி விக்னேஸ்வரி கையில். நிரைக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தியாகப் பக்கவாட்டில் நடந்து, செடியின் தலையை ஒரே மட்டமாகச் சீவிக்கொண்டு போவார்கள். வெட்டிய கொழுந்து பின்னால் நீளமான பைக்குள் விழும். அந்தப் பையின் வாலைப் பிடித்துக்கொண்டு சின்னக்கருப்பன் வருவார். அவர் பேசினால் அன்றைக்கு மழை வரும் என்பார்கள். ஒன்பது வருடமாக இந்த மூன்று பேரும் ஒரு மெஷின். ஒருத்தி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டால் அன்றைக்கு வெட்டு மேடும் பள்ளமுமாகத்தான் போகும்.

செடிக்குள் கல்லோ கட்டையோ தெரிந்தால் மற்ற மெஷின்காரர்கள் "தூக்கு!" என்று கத்துவார்கள். இவர்கள் மூவர் மட்டும் "கோழி!" என்று கத்துவார்கள். ஜெயா வளர்த்த வெள்ளச்சி என்கிற கோழி, எட்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் மேல் நிரையில் ஒரு செடிக்குள் முட்டையோடு உட்கார்ந்திருந்தது. மெஷின் நெருங்கிவிட்டது. விக்னேஸ்வரி தொண்டை கிழியக் "கோழி!" என்று கத்த, இருவரும் ஒரே மூச்சில் மெஷினைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டார்கள். வெள்ளச்சி ஒரு இறகுகூட உதிராமல் எழுந்து, திட்டிக்கொண்டே போனது. அன்றிலிருந்து கல்லும் கோழி, கட்டையும் கோழி, குளவிக்கூடும் கோழி.

சரி, நாவலில் ஜெயாவுக்கு என்ன வேலை? அங்கேதான் விக்னேஸ்வரி மாட்டிக்கொண்டாள். பேய் வேட்டைக்காரப் பிள்ளைகளுக்கு ஒரு தலைவி வேண்டியிருந்தது. எழுத எழுத அந்தத் தலைவிக்கு ஜெயாவின் வாய் வந்துவிட்டது, ஜெயாவின் நடை வந்துவிட்டது. ஜெயா தெர்மோஸ் மூடியில்தான் தேத்தண்ணி குடிப்பாள். முதல் வாயை மண்ணில் ஊற்றி முனியாண்டிக்குக் கொடுப்பாள். நாவலின் தலைவியும் ஒவ்வொரு சண்டைக்கு முன்னாலும் ரயில் மேடையில் முதல் வாய் தேத்தண்ணியை ஊற்றினாள். பிள்ளைகள் எல்லாரும் அவளை "அக்கா" என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்கு வேறு பெயர் இருப்பதாகவே எவரும் யோசித்ததில்லை.

பத்தொன்பதாம் அத்தியாயத்தில் பெயர்தின்னி வருகிறது. அது ஆளைக் கடிக்காது, பெயரை மட்டும் தின்றுவிடும். பெயர் போய்விட்டால் அந்த ஆள் பக்கத்திலேயே நின்றாலும் ஒருவர் கண்ணுக்கும் தெரியமாட்டார். தோளோடு தோள் நின்று சண்டை போட்ட ஒருவர் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் திரும்பி வர முடியும். அதற்குப் பயந்துதான் வேட்டையர்கள் தினமும் விடியற்காலையில் வரிசையாக நின்று பெயர் கூப்பிட்டுச் சரிபார்க்கிறார்கள். அப்படிப்பட்ட பெயர்தின்னி அக்காவின் பெயரைத் தின்றுவிட்டது. பிள்ளைகள் கதறுகிறார்கள். கூப்பிட அவர்களிடம் பெயர் இல்லை. ஆயுசுக்கும் "அக்கா" என்று மட்டும் கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். நாவல் அப்படியே முடிகிறது.

கூட மெஷின் பிடிக்கிறவளைப் பிடித்துக் கதைக்குள் போட்டு, வாயாடி என்று எழுதி, கடைசியில் ஆளையே காணாமல் அடித்தாயிற்று. இதை ஜெயாவிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

போதாக்குறைக்கு அந்தப் புத்தகம் தோட்டத்துக்கே வந்து சேர்ந்தது. தோட்டத்துத் தடிக்கா என்கிற பாலர் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரும் கத்தரீன் டீச்சர்தான் அதைக் கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம் மாதா கோவிலிலிருந்து திரும்பியதும், டேவான் என்கிற தோட்டத்து மண்டபத்தில் பத்து இருபது பேரைக் கூட்டிவைத்து ஏதாவது ஒரு புத்தகத்தைச் சத்தமாக வாசிப்பது அவர் வழக்கம். கேட்கிறவர்கள் பயற்றங்காய் கிள்ளிக்கொண்டோ கம்பளி பின்னிக்கொண்டோ கேட்பார்கள். இந்தத் தடவை, மகள் எவலின் நச்சரித்ததால், பேய்க் கதை.

எட்டு ஞாயிறு. எட்டு ஞாயிறும் விக்னேஸ்வரி ஜெயாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தான் எழுதியதைத் தானே அடுத்தவர் வாயால் கேட்டாள். ஜெயாவோ மூன்றாவது வாரமே அந்தத் தலைவியின் மேல் உயிரை வைத்துவிட்டாள்.

"இந்தக் கதையிலேயே எனக்குப் புடிச்ச ஒரே ஆளு இவதான். சாமிக்கு ஊத்திட்டுக் குடிக்கிறா பாரு, எவ்ளோ நல்ல பழக்கம்!" என்றாள் ஒருநாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வாய்தான் கொஞ்சம் அதிகம்" என்றாள்.

விக்னேஸ்வரி பயற்றங்காய்ச் சட்டிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

போன ஞாயிறு பத்தொன்பதாம் அத்தியாயம். கத்தரீன் டீச்சர் வாசித்து முடித்தபோது ஜெயா முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து நின்று, "அந்த எரவரசன் பய மட்டும் என் கையில கெடைச்சான், கைய மெஷின்ல விட்டுச் சீவிடுவேன். எப்பேர்ப்பட்ட பொம்பள! அவளப் போய்..." என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள். விக்னேஸ்வரி தன் இரண்டு கைகளையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

இன்றைக்குக் கருத்துச் சொல்லும் நாள். புத்தகத்தைப் பற்றி அவரவர் நினைத்ததைச் சொல்லலாம். கேட்டுவிட்டு முடிவு செய்யலாம் என்று விக்னேஸ்வரி நினைத்திருந்தாள். இவர்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் இரவரசனே இருந்துவிட்டுப் போகட்டும். பிடித்திருந்தாலும் ஜெயாவுக்குத் தெரியாமல் எப்படிப் பெயர் போடுவது?

முதலில் எவலின் எழுந்தாள். அவளுக்குப் பதினேழு வயது, புத்தகத்தை ஐந்து தடவை படித்தவள், பேய்களின் படத்தைப் பள்ளி நோட்டில் வரைந்து வைத்திருப்பவள்.

"இந்த புக் சூப்பர் லா. நம்ம பாசையில இந்த மாதிரி யாருமே எழுதல. தமிழ்ப் பேய், தமிழ்ப் புள்ளைங்க, எல்லாரும் கேஎல்ல ரயில் ஏறிப் போறாங்க. படிக்கிறப்ப நானே கத்தியத் தூக்கிக்கிட்டுப் போகணும் போல இருந்துச்சி." மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். "ஆனா அந்த லவ் பார்ட் மட்டும் போர். ஒரு பொண்ணு, ரெண்டு பையன், அவ யாரப் பாக்கிறதுன்னு தெரியாம நிக்கிறா. பேய் வந்துக்கிட்டு இருக்கு, அந்த நேரத்துல எதுக்கு இதெல்லாம்?"

விக்னேஸ்வரிக்குச் சுருக்கென்றது. அந்தக் காதல் பகுதியை எழுத அவள் மூன்று மாதம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்து எழுந்தவர் திருச்செல்வம். தோட்டத்து ஆபீசில் முப்பது வருடம் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் சிவப்புப் பேனா இல்லாமல் அவர் எந்தப் புத்தகத்தையும் திறப்பதில்லை. வாசிப்பு நடந்த எட்டு வாரமும் அவர் ஒரு பிரதியில் குறித்துக்கொண்டே வந்திருந்தார்.

"மொதல்ல ஒரு விசயம் சொல்றேன்," என்றார். "இந்த எரவரசன் கேஎல் ஆளே கெடையாது."

எல்லாரும் நிமிர்ந்தார்கள்.

"பக்கம் அறுவத்திரெண்டு. புள்ளைங்க சொரங்கத்துல எறங்குறதுக்கு முந்தி கால்ல சவுக்காரம் தேய்ச்சிக்கிறாங்க. எதுக்குன்னு போட்டிருக்கு? 'அட்டை ஏறாமல் இருக்க.' ரயில் டேசன்ல ஏதுங்க ரத்தம் குடிக்கிற அட்டை?"

டேவான் சிரித்தது. விக்னேஸ்வரிக்குக் காது சூடாகிவிட்டது. வேலைக்கு இறங்கினால் காலில் சவுக்காரம் தேய்ப்பார்கள் என்பது அவளுக்கு மூச்சு விடுவது மாதிரி. எழுதும்போது அது கையோடு வந்துவிட்டது. பதிப்பாசிரியரும் ஏதோ மந்திரச் சடங்கு என்று நினைத்து விட்டுவிட்டார் போலிருக்கிறது.

"பக்கம் நூத்திப் பதினாலு," என்று திருச்செல்வம் அடுத்த தாளைப் புரட்டினார். "பேய் தொரத்திக்கிட்டு வருது. இதுங்க என்னா செய்யுது? மணி பத்தாச்சின்னு உக்காந்து டீ குடிக்குதுங்க! அந்தப் பேயும் மரியாதையா ஓரமா நிக்குது!"

"பத்து மணிக்கு டீ குடிக்காம அப்புறம் எப்ப குடிக்கிறதாம்?" என்று ஜெயா இடையில் புகுந்தாள். அவளுக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை.

"இருங்க, இன்னும் இருக்கு. பேயப் புடிக்க வலை போடுறாங்க பாருங்க. ரெண்டு பேரு ரெண்டு பக்கம் புடிச்சிக்கிட்டு பக்கவாட்டுலயே நடக்குறாங்க. மூணாவது ஆளு பின்னால வலையோட வாலப் புடிச்சிக்கிட்டு வர்றான். இத எங்கயோ பாத்த மாதிரி இல்ல?"

சிரிப்பு மெல்ல அடங்கியது. இருபது பேரும் அதை எங்கே பார்த்தார்கள் என்று யோசித்தார்கள். எங்கே பார்க்காமல் இருந்தார்கள்? நேற்று வரை தினமும் பார்த்ததுதானே!

"மெஷின்!" என்றாள் எவலின்.

"அதேதான்! இத எழுதுனவன் தேயிலைத் தோட்டத்து ஆளு. நம்ம கேமரன்மலை ஆளு. நான் அடிச்சிச் சொல்றேன்." திருச்செல்வத்துக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. இத்தனை வருடம் ஓய்வில் இருந்த மூளைக்கு நல்ல தீனி. "ஆனா ஒரு விசயம்தான் எனக்குப் புரியல. பத்திரிகையில ஒரு பெரிய விமர்சகர் எழுதியிருக்காரு. படிக்கிறேன், கேளுங்க."

சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார்.

"'ஆபத்து நேரும் கணத்தில் வேட்டையர்கள் "கோழி" என்று கூவுவது இந்நாவலின் ஆழ்ந்த குறியீடு. சேவலைக் கொடியாகக் கொண்ட தெய்வத்தின் தாய்மை முகத்தை ஆசிரியர் இதன்வழி மீட்டெடுக்கிறார். நகரமயச் சூழலில் தொலைந்துபோன விடியலின் குரலாகவும் இக்கோழி...'"

அதற்கு மேல் அவரால் வாசிக்க முடியவில்லை. பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். சும்மா சிரிப்பு இல்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நாற்காலி கிறீச்சிட, கண்ணில் நீர் வழியச் சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தால் சின்னக்கருப்பன்! எட்டு ஞாயிறும் வாயைத் திறக்காத மனிதர்.

"தாய்மையாவது, கொடியாவது! அது நம்ம வெள்ளச்சி லா!" என்றார்.

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. சிரிப்பு அப்படியே நின்றது. அந்தத் தோட்டத்தில் "கோழி!" என்று கத்துகிற மெஷின் ஒன்றே ஒன்றுதான் என்பது குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். எழுதியவன் கேஎல் பையன் என்ற நினைப்பில் எட்டு வாரமும் அதை யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். இருபது தலைகளும் மூன்று பேரை மாறி மாறிப் பார்த்தன.

"என்னையப் பாக்காதீங்கப்பா," என்றார் சின்னக்கருப்பன் அவசரமாக. "எனக்குக் கையெழுத்துப் போடுறதே பெரும்பாடு."

ஜெயாவை யாரும் சந்தேகப்படவில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கவே அவளுக்குப் பொறுமை கிடையாது. ஆகக் கடைசியில் இருபது பேரும், கூடச் சேர்ந்து ஜெயாவும், விக்னேஸ்வரியைப் பார்த்தார்கள்.

விக்னேஸ்வரி பொய் சொல்லியிருக்கலாம். மனம் வரவில்லை. ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

எவலின் போட்ட சத்தத்தில் கூரைத் தகரம் அதிர்ந்திருக்கும். "அக்கா! நீங்களா எரவரசன்? ஐயோ, அலாமாக்!" என்று ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டவள், சட்டென்று விலகி நின்றாள். "லவ் பார்ட் போர்னு சொல்லிட்டேனே. சாரிக்கா." ஒரு நொடி யோசித்தாள். "ஆனா அது போர்தான்."

டேவான் கலகலத்தது. கத்தரீன் டீச்சர் கன்னத்தில் முத்தம் கொடுத்தார். திருச்செல்வம், தான் கண்டுபிடித்த பெருமையில், அச்சுப்பிழைகள் மொத்தம் நாற்பத்து மூன்று என்பதையும் அப்போதே சொல்லிவைத்தார். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். விக்னேஸ்வரிக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. ஜெயா தெர்மோஸை எடுத்துக்கொண்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள்.

மணி ஐந்தேகால். விக்னேஸ்வரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினாள்.

டேவானுக்குப் பின்னால் மேட்டில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. தோட்டத்தில் கைப்பேசிக்கு ஒழுங்காக லைன் கிடைக்கிற இடம் அது ஒன்றுதான். ஜெயா தொட்டி ஓரத்தில் நின்று தெர்மோஸ் மூடியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். முதல் வாயை மண்ணில் சாய்க்கப் போனவள், ஏதோ ஞாபகம் வந்தது போல் மூடியையே முறைத்துப் பார்த்தாள்.

"இதையும் எழுதிட்டல்ல?" என்றாள் திரும்பாமல்.

"அக்கா..."

"பேசாத. போன ஞாயித்துக்கெழம வூட்டுக்குப் போயி நான் சாப்புடல, தெரியுமா? எவளோ ஒரு நல்ல பொம்பளக்கி இப்படி ஆயிடுச்சேன்னு படுத்துப் படுத்து அழுதேன். கடசியில பாத்தா எனக்கே நான் அழுதிருக்கேன்! ஒலகத்துல எந்தப் பைத்தியக்காரியாச்சும் தனக்குத் தானே ஒப்பாரி வெப்பாளாடி?"

விக்னேஸ்வரி தெர்மோஸை வாங்கக் கை நீட்டினாள், ஜெயா கொடுக்கவில்லை.

"வாய் அதிகம்னு வேற சொன்னேன். சொன்னனா இல்லையா?"

"சொன்னீங்க."

"நீ பக்கத்துல உக்காந்துதானே கேட்டுக்கிட்டு இருந்த? சிரிச்சியா?"

"உள்ளுக்குள்ளக்கா."

ஜெயா திரும்பினாள். முகம் இன்னும் கடுகடுவென்றுதான் இருந்தது. உதடு மட்டும் ஒரு பக்கமாக இழுத்தது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. அந்த மேடே அதிரச் சிரித்தாள். சிரித்த சிரிப்பில் மூடியில் இருந்த தேத்தண்ணி முழுக்க மண்ணில் கொட்டி, அன்றைக்கு முனியாண்டிக்கு நல்ல வேட்டை.

விக்னேஸ்வரிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. ஒரு வாரமாக நெஞ்சில் வைத்திருந்ததையெல்லாம் அங்கேயே கொட்டினாள். இரண்டாம் பதிப்பு, பெயர், போட்டோ, ஆறு மணி எல்லாவற்றையும் சொன்னாள். "நீங்க கோவிச்சிக்கிட்டு மெஷின விட்டுட்டா நான் யாரு கூடக்கா நிப்பேன்? அதான் பயந்தேன்."

ஜெயா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பேரத் தின்னுற பேயப் பத்தி முந்நூறு பக்கம் எழுதுன. எழுதிட்டு மொத அட்டையிலயே உன் பேரத் தூக்கி அந்தப் பேய்க்குப் போட்டுட்டியேடி. வெக்கமா இல்ல உனக்கு?"

எழுதிய இரண்டு வருடத்தில், அச்சான ஏழு மாதத்தில், இது ஒருநாள்கூட விக்னேஸ்வரிக்குத் தோன்றவில்லை. அந்தப் பெரிய விமர்சகருக்கும் தோன்றவில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கப் பொறுமை இல்லாத ஜெயாவுக்குத் தோன்றிவிட்டது.

"எடு போன," என்றாள் ஜெயா.

விக்னேஸ்வரி 'சரி' என்று தட்டினாள். "இவ்ளோதானா? பேரப் போடு" என்று ஜெயா அதட்டினாள். 'விக்னேஸ்வரி' என்று முழுதாகத் தட்டினாள். ஜெயா கைப்பேசியைக் கண்ணருகே பிடித்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிச் சத்தமாக வாசித்து, திருப்தியான பிறகுதான் அனுப்பவிட்டாள். போட்டோவும் ஜெயாதான் எடுத்தாள். ஐந்தே முக்காலுக்கு அமிர்தலிங்கத்திடமிருந்து பதில் வந்தது. "ரொம்ப சந்தோசம் தங்கச்சி. ஆனா போட்டோவுல பாதி யாரோட கட்டைவிரல்?"

இன்னொன்று எடுத்து அனுப்பினார்கள். அதில் விக்னேஸ்வரி வாயெல்லாம் பல்லாக நிற்கிறாள். இன்றைக்கும் அந்தப் புத்தகத்தின் பின்னட்டையில் பார்க்கலாம்.

இறங்கி வரும்போது ஜெயா சொன்னாள். "ரெண்டாம் பாகத்துல அவ திரும்பி வரணும்."

"எப்படிக்கா? அவங்க பேரு யாருக்குமே தெரியாதே. எல்லாரும் அக்கான்னுதானே கூப்புட்டுக்கிட்டு இருந்தாங்க."

"அது உன் பாடு. எழுதுறவ நீதானே."

மறுநாள் விடிந்ததும் பெரட்டு. வேலைக்குப் போகுமுன் எல்லாரையும் வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு, யார் எந்த மலைக்கு என்று பிரித்து அனுப்புவதைத்தான் அங்கே பெரட்டு என்பார்கள். பனி கொட்டிக்கொண்டிருந்தது. கங்காணி இருளப்பன் தாளை வைத்துக்கொண்டு கூப்பிட்டார்.

"விக்னேஸ்வரி!"

அவள் வாயைத் திறக்குமுன் வரிசை முழுக்கக் கை தட்டியது. தோட்டம் பூராவும் சேதி ஒரே இரவில் போய்விட்டிருந்தது. "வந்தாச்சு!" என்று அவள் சொன்னது அவளுக்கே கேட்கவில்லை.

"சின்னக்கருப்பன்!"

"வந்தாச்சு."

"ஜெயா!"

பதில் இல்லை.

"ஜெயா! இந்தா, கண்ணு முன்னால நின்னுக்கிட்டு என்னாத்துக்கு வாய மூடிக்கிட்டு இருக்க?"

ஜெயா அசையவில்லை. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, நேரே முன்னால் பார்த்துக்கொண்டு, யார் கண்ணுக்கும் தெரியாதவள் போல நின்றாள். இருளப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் புத்தகம் வாசிக்கிற கூட்டத்துக்கு வராதவர். டேவானுக்கு வந்தவர்களுக்கு மட்டும் புரிந்துவிட்டது. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

ஜெயாவின் கண் மட்டும் மெல்லத் திரும்பி விக்னேஸ்வரியைப் பார்த்தது.

கங்காணி கூப்பிட்டால் கணக்கில் வராது. தோளோடு தோள் நின்றவர் கூப்பிட வேண்டும். அதுவும் பெயர் சொல்லி. ஒன்பது வருடம் விக்னேஸ்வரி இந்தப் பெண்ணோடு ஒரே மெஷினைத் தூக்கியிருக்கிறாள், ஒரே தெர்மோஸில் குடித்திருக்கிறாள். ஒருநாள்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மூத்தவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட நாக்கு எழுமா? எழவில்லை. ஜெயா விடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

விக்னேஸ்வரி மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டாள். அன்றைக்கு வெள்ளச்சிக்காகக் கத்தினாளே, அதே தொண்டையில் கத்தினாள்.

"ஜெயா!"

பெரட்டு மொத்தமும் வாயைப் பிளந்தது. இருளப்பன் கையிலிருந்த தாளை நழுவவிட்டார்.

"வந்தாச்சு லா!" என்றாள் ஜெயா. கண் கலங்கியிருந்தது, முகம் முழுக்கச் சிரிப்பு. இரண்டாம் பாகத்தின் முதல் பக்கம் என்ன என்று விக்னேஸ்வரிக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது.

ஜெயா மெஷினின் தன் பக்கத்துப் பிடியைப் பிடித்துத் தூக்கினாள்.

"இன்னொரு வாட்டி பேரு சொல்லிக் கூப்புட்ட, பல்லப் பேத்துருவேன். புடி, போலாம்."